தால்சிமின் கழுத்தில் எதைத் தொங்கவிடுவது?

கேள்வி இது: "விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ என்ற சண்டை வீடியோ விளையாட்டில் வரும் இந்திய யோகி தால்சிமை எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். ஆனால் அந்த மண்டையோட்டு மாலையும் கிழிந்த கால்சட்டையும் உறுத்துகின்றன. கேரளத்துக்காரர் என்கிறார்கள், எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அப்படித் தெரியவில்லை. என் சொந்தத் திருப்திக்காக அவரை மறுபடி வடிவமைக்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு மாற்றலாம்? மண்டையோடுகளை எடுத்துவிடலாமா? சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சின்னது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு படைப்பைச் சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமான அளவில் கையாள்வதை மீறலாகக் கருதுவதில்லை. நீங்கள் வரைந்து உங்கள் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டால் எவரும் கதவைத் தட்டப் போவதில்லை. அதையே டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்றால் கதை வேறு. கதாபாத்திரம் அந்த விளையாட்டை உருவாக்கிய ஜப்பானின் காப்காம் நிறுவனத்தின் சொத்து; சட்டையின் துணிக்கு மட்டும்தான் நீங்கள் உரிமையாளர். இணையத்தில் பகிர்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பெரும்பாலும் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது அவர்களுடைய தயவே தவிர உங்களுடைய உரிமை இல்லை. வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், ‘ரசிகர் ஓவியம், மூலக் கதாபாத்திரம் காப்காமுடையது’ என்று படத்தின் மூலையிலேயே எழுதிவிடுங்கள். அதை மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர்முகத்தேர்வில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தால்சிமைத் தெரியாதவராக இருப்பார் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே தால்சிமைக் கையில் எடுத்தேன். கேரளம் என்றதும் நினைவுக்கு வந்ததையெல்லாம் அவர்மீது ஏற்றினேன். தலையில் கதகளிக் கிரீடம், முகத்தில் சடங்காட்டமான தெய்யத்தின் சிவப்பு, இடுப்பில் கசவுக் கரை (பொன்சரிகைக் கரை) வேட்டி, கையில் சுருள்வாள், பின்னணியில் நெற்றிப்பட்டம் கட்டிய யானை. மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தேன். பாலக்காட்டுத் தோழி ஒருத்தியிடம் பெருமையாகக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "படகு வீடு மட்டும்தான் குறைகிறது" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. காப்காமின் பழைய ஓவியர்கள் இந்தியாவைத் தொலைவிலிருந்து பார்த்து வரைந்தார்கள். நான் பக்கத்து மாநிலத்தைச் சுற்றுலாச் சுவரொட்டியிலிருந்து வரைந்திருந்தேன். பிழை ஒன்றேதான். சொல்லப்போனால் அவர்களுக்காவது தூரம் என்று ஒரு சாக்கு இருந்தது.

அந்தப் படத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது, அதைத் தோழி சொல்லவில்லை, நானே பிறகு கண்டுகொண்டேன். கிரீடத்தையும் கசவையும் தூக்கிவிட்டால் உள்ளே தால்சிம் இல்லை. யாரோ ஒரு மெலிந்த மனிதர் நின்றிருந்தார். மறுவடிவமைப்பு என்று சொல்லிக்கொண்டு நான் செய்தது வெறும் வேஷம் கட்டல்.

எனவே முதலில் பென்சிலைத் தொடாதீர்கள். 1991-இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-ஐ ஒரு மணி நேரம் தால்சிமாக விளையாடுங்கள். காசு போட்டு ஆடும் அந்த ஆர்கேட் இயந்திரத்தின் திரை 384 புள்ளி (பிக்சல்) அகலம், 224 புள்ளி உயரம். நிற்கும் தால்சிம் ஏறக்குறைய நூறு புள்ளி உயரம்தான். அந்த வன்பொருளில் ஒரு வண்ணத் தொகுதிக்கு 16 நிறம். அதில் ஒன்று ஒளி ஊடுருவும் வெற்றிடமாகப் போய்விடும், கையில் மிஞ்சுவது 15. இந்தக் கையகல இடத்தில் எட்டுப் பேர் நின்றார்கள்: ரியூ, கென், ஹோண்டா, சுன் லீ, பிளாங்கா, கைல், சாங்கீஃப், தால்சிம். கூட்டத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பையனுக்கும் யார் யார் என்று ஒரே நொடியில் தெரிந்தாக வேண்டும். அதனால் ஒவ்வொருவரும் ஒரு நாட்டின் தபால்தலை மாதிரி ஆனார்கள். ஜப்பானுக்குச் சுமோ, சோவியத்துக்கு மல்யுத்தம், பிரேசிலுக்குப் பாவம் ஒரு பச்சை மிருகம். நமக்கு வாய்த்தவர் தீ உமிழும் யோகி. கோபப்படலாம், ஆனால் பிளாங்காவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விளையாடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தால்சிமின் அடையாளம் மண்டையோடு இல்லை. கை நீள்வதுதான். திரையின் பாதித் தூரத்துக்கு ஒரு குத்து போகிறது. நீளும் கையிலும் எதிரி அடிக்கலாம், அடித்தால் தால்சிமுக்கு வலிக்கும். ஆகவே கை எங்கே முடிகிறது, குத்தும் முட்டி எங்கே இருக்கிறது என்பது இருவர் கண்ணுக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும். இப்போது அவருடைய மணிக்கட்டையும் கணுக்காலையும் பாருங்கள். அகலமான வளையங்கள். அவை வெறும் அலங்காரம் என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். கை ஈர்க்குச்சிபோல் மெலிந்து நீளும்போது வளையம் மட்டும் அளவு மாறாமல் நுனியில் நிற்கிறது. ‘இதோ இங்கே முட்டி’ என்று கோடு போட்டுக் காட்டுகிறது. ஓவியர் அதை நினைத்தே வைத்தாரா, வைத்தபிறகு அமைந்துவிட்டதா என்பது வேறு விஷயம். உங்கள் வடிவமைப்பில் வளையம் போகலாம். அது செய்த வேலை போகக்கூடாது. வளையத்துக்குப் பதில் கறுப்புக் கயிறு சுற்றலாம், சிவப்புத் துணி சுற்றலாம். ஒன்றும் இல்லாமல் வெறும் கையாக விட்டீர்கள் என்றால், நின்ற கோலத்தில் அழகாக இருக்கும், நீட்டிய கோலத்தில் நூடுல்ஸ் ஆகிவிடும்.

இதுவே ‘எவ்வளவு மாற்றலாம்’ என்ற கேள்விக்கும் பதில். ஒவ்வொரு பொருளுக்கும் நேராக ஒரு தாளில் நெடுக்காக இரண்டு பத்தி போடுங்கள். இது விளையாட்டில் என்ன வேலை செய்கிறது? இது கதையில் என்ன சொல்கிறது? முதல் பத்தியை மாற்றாமல் வைத்துக்கொண்டு இரண்டாம் பத்தியில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள். இரண்டு பத்தியிலும் ஒன்றும் எழுத முடியாத பொருளைத் தயங்காமல் தூக்கி எறியலாம். கிழிந்த கால்சட்டையின் கிழிசல் எனக்கு அப்படித்தான் பட்டது.

உடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுபடி வரைகிற பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். அதிகாரபூர்வக் குறிப்பில் தால்சிமின் உயரம் 176 செ.மீ., எடை 48 கிலோ. விலா எலும்பு தெரியும், வயிறு உள்வாங்கியிருக்கும். இதைப் பட்டினி என்று படிப்பவர்கள் அவரைத் திருத்துவதாக எண்ணிச் சதை ஏற்றி, உடற்பயிற்சிக் கூடத்து வாலிபராக்கிவிடுகிறார்கள். பட்டினி என்று நினைத்தே வரைபவர்கள் பஞ்சகாலப் புகைப்படம்போல் வரைந்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். யோகத்தில் உட்டியாண பந்தம் என்று ஒன்று உண்டு. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, வயிற்றை உள்ளிழுத்து மேலேற்றி விலாவுக்கு அடியில் செருகுவார்கள். விலா விரிந்து நிற்கும், அடியில் வயிறு குகைபோல் குழியும். தால்சிமின் வயிற்றுக்கு அதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குழிவு பசியால் வந்தது என்றால் தோள் தொங்கும், கண் சோரும். பந்தத்தால் வந்தது என்றால் தோள் அகன்று, கழுத்து நிமிர்ந்து இருக்கும். ஒரே வயிறு, இரண்டு மனிதர்கள்.

இதற்கு நல்ல மாதிரி வேண்டுமென்றால் 1938-இல் மைசூரில் எடுத்த ஊமைப்படம் ஒன்று இருக்கிறது. திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஆசனங்கள் செய்துகாட்டுகிறார். பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 1989-இல் மறைந்தாரே, அவரேதான். படம் எடுத்தபோது அவருக்கு வயது ஏறக்குறைய 50. மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரும் அதில் இருக்கிறார், இளைஞராக. கிருஷ்ணமாச்சாரியாரின் மார்பைப் பாருங்கள், பீப்பாய்போல் இருக்கும். தசை மேடு மேடாகத் துருத்தாது, ஆனால் தளர்வாக ஒரு இடமும் கிடையாது. நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஐம்பது சிறு கோட்டோவியம் போடுங்கள். தால்சிம் அந்தரத்தில் பத்மாசனத்தில் மிதப்பதை வரையப் போகிறீர்கள் அல்லவா? நிஜமாகப் பத்மாசனம் போட்டவரின் பாதம் எந்தத் தொடையில் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று தெரியாமல் வரைந்தால், சப்பணம் கொட்டிச் சாப்பிட உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

அடுத்து, நெற்றியும் தலையும். மழித்த தலைமீது மூன்று சிவப்புக் கோடுகள். ஜப்பானியக் கண்ணுக்கு அது ‘இந்தியக் குறி’. நமக்கோ நெற்றியைப் பார்த்ததும் கை தானாக வகைபிரிக்கத் தொடங்கிவிடும். குறுக்காக மூன்று வெள்ளைக் கோடு என்றால் திருநீற்றுப் பட்டை. நெடுக்காக என்றால் நாமம். சிவப்பில் மூன்று கோடு இரண்டிலும் சேராது. இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கோட்டைத் திருநீறாக மாற்றினால் அவர் சைவராகிவிடுகிறார். விளையாட்டின் கதையோ அவருடைய நெருப்பை அக்கினி தேவனின் வரம் என்கிறது. நான் சிவப்பை அப்படியே வைத்துக்கொண்டேன். காரணம் மிகச் சாதாரணம்: நூறு புள்ளி உயரத்தில் முகம் இருக்கும் இடத்தைக் காட்டுவது அந்தச் சிவப்புதான். ஆனால் பளபளக்கும் வண்ணக்கோடாக வரையாமல், மூன்று விரலால் குழைத்துப் பூசியதுபோல், தொடங்கும் இடத்தில் கெட்டியாகவும் முடியும் இடத்தில் தேய்ந்தும் வரைந்தேன். விரல் போன தடம் தெரிந்ததும் அது குறியீடாக இல்லாமல், காலையில் ஒரு மனிதர் செய்த காரியமாகிவிட்டது.

தெய்யத்தின் முகத்தெழுத்தை, அதாவது முகத்தில் தீட்டும் கோலத்தை, மட்டும் தொடாதீர்கள் என்பேன். அழகில் குறையில்லை, அதனால்தான் ஆசை வரும். ஆனால் வடக்கு மலபாரில் அந்த எழுத்து முகத்தில் ஏறியபின் அங்கே நிற்பவர் தெய்வம்; ஒவ்வொரு தெய்யத்துக்கும் எழுத்து வேறு. யோகி ஒருவர் அதைப் பூசிக்கொண்டு சண்டைக்குப் போக ஒரு காரணத்தை உங்களால் எழுத முடிந்தால் வையுங்கள். என்னால் முடியவில்லை.

தாடியும் தலைப்பாகையும்கூட உங்களைக் குழப்பும். 2016-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் காப்காமே தால்சிமை மறுபடி வடிவமைத்தது. நீண்ட தாடி, பெரிய தலைப்பாகை. 2023-இல் வந்த ஆறாம் பாகத்திலும் தாடி தொடர்கிறது. வயதான ஞானி என்ற உணர்வைக் கொடுப்பதில் அது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் வாயால் தீ உமிழ்பவருக்கு மார்பு வரை தாடி வைத்தவரின் குடும்பத்தில் தீயணைப்புத் துறைக்காரர் ஒருவர்கூட இல்லை என்று நினைக்கிறேன். தாடி வேண்டுமென்றால் நுனி கருகி, ஒருபக்கம் குட்டையாக இருக்கட்டும். பார்ப்பவர் முதலில் சிரிப்பார், அடுத்த கணம் நம்புவார். தலைப்பாகைக்குக் கேரளத்தில் எளிய மாற்று உண்டு: தோர்த்து. மெல்லிய பருத்தித் துண்டு. வயலில் இருப்பவரும் தென்னை ஏறுபவரும் தலையில் சுற்றிக்கொள்வார்களே, அது. பெரிய தலைப்பாகை அவரை அரண்மனைக்குக் கொண்டுபோய்விடுகிறது. துண்டு கிராமத்திலேயே வைத்திருக்கிறது. கதைப்படி ஏழை ஊருக்குப் பணம் சேர்க்கத்தான் அவர் சண்டைக்கே வருகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

திரைப்படங்களும் அவரை மாற்றிப் பார்த்திருக்கின்றன. 1994-இல் வந்த ஹாலிவுட் படத்தில் ரோஷன் சேத் நடித்த தால்சிம் ஒரு விஞ்ஞானி. அவ்வளவு மாற்றினால் பெயரைத் தவிர ஒன்றும் மிஞ்சாது என்பதற்கு அது நல்ல பாடம். புதிய ஹாலிவுட் படத்தில் தால்சிமாக நடிக்க 2025-இல் வித்யுத் ஜம்வாலைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழில் வில்லனாகப் பார்த்திருப்பீர்கள். சிறு வயதிலேயே கேரளத்தின் சண்டைக்கலையான களரி பயின்றவர். 48 கிலோ கணக்கு அவரிடம் செல்லாது, ஆனால் உடம்பு எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரியும்.

களரி என்றதும் உடைக்கு வந்துவிட்டோம். வேட்டி கட்டலாமா? நானும் முதலில் வேட்டிதான் வரைந்தேன். பிறகு கால் நீளும் உதையை வரைய உட்கார்ந்தபோது விழித்தேன். மூன்று மீட்டர் நீளும் காலுக்கு மேல் வேட்டி என்ன ஆகும்? கிழியும், அல்லது இடுப்பு வரை சுருண்டு ஏறும். இரண்டும் பார்க்க நன்றாக இருக்காது. காப்காமின் ஓவியர்கள் குட்டைக் கால்சட்டை போட்டதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, தொடையிலிருந்து கால் தடையின்றி நீள வேண்டும் என்பதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. களரியில் கட்டும் கச்சை இதற்கு ஏற்கனவே விடை வைத்திருக்கிறது. நீளத் துணியை இடுப்பைச் சுற்றி வரிந்து இறுக்கிக் கட்டுவார்கள். தொடை முழுக்க வெளியே இருக்கும். சுற்றும்போது ஒரு நுனியைப் பின்னால் கொஞ்சம் தொங்கவிட்டேன். உதைக்கும்போது அது எதிர்ப்பக்கம் பறக்கும். கால் எவ்வளவு வேகமாகப் போனது என்று துணி சொல்லும்.

நிறத்தில் ஒரு நுணுக்கம். மூலத்தில் அந்தக் கால்சட்டை பளிச்சென்ற மஞ்சள். பலர் அதைத் ‘திருத்தி’ ஆரஞ்சாக்குவார்கள். காவித்துணியை நிஜத்தில் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? காவி என்பது செம்மண் நிறம். காவிக்கல்லிலிருந்து வந்த பெயர். அந்தப் பழைய காவி செங்கல் பொடியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கும், ஆரஞ்சுப் பழம் மாதிரி இருக்காது. நாலு தடவை துவைத்தால் மேடான இடமெல்லாம் வெளுத்து, தையலிலும் மடிப்பிலும் மட்டும் பழைய நிறம் தங்கும். அந்த வெளுப்பை வரைந்தால் கிழிசலே தேவையில்லை. ஏழ்மை நிறத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் ஒரு சிக்கல்: செம்மண் நிறக் கச்சை மாநிறத் தோலோடு ஒட்டிப் போய்விடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், கச்சை காணாமல் போயிருக்கும். நான் மேல்விளிம்பில் மட்டும் தோர்த்தின் வெள்ளையை ஒரு சுற்று விட்டுப் பிரித்தேன். உங்களுக்கு வேறு வழி தோன்றலாம். கறுப்பு வெள்ளைச் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தோலுக்கு நிழல் போடும்போது கறுப்பைக் கலக்காதீர்கள். நம் ஊர் மாணவர்களே நம் நிறத்தைச் சாம்பல் பூத்ததுபோல் வரைவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நிழல் பக்கம் சிவப்பும் ஊதாவும் கலந்த ஆழத்துக்குப் போங்கள். ஒளி படும் இடத்தில் தோல் நிறத்தையே வெளுக்காமல், சிறிய, கூர்மையான, வானத்தின் நீலம் லேசாகக் கலந்த மினுக்கம் வையுங்கள். கருந்தோலில் ஒளி அப்படித்தான் விழும். களரிக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்வது இங்கே உங்களுக்குக் கைகொடுக்கும். தீ உமிழும் படத்தில் அடியிலிருந்து ஆரஞ்சு ஒளி, எண்ணெய் மேனியில் விலா எலும்பு ஒவ்வொன்றின் விளிம்பிலும் தெறிக்கிறது. அந்த ஒரு படத்துக்காகவே இந்த வேலையை எடுக்கலாம்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது எல்லாப் பயிற்சி நூல்களிலும் இருப்பதுதான். கட்டைவிரல் அளவில் முப்பது நிழலுருவம், முழுக் கறுப்பில். அதில் மூன்றைத் தேர்ந்து கொஞ்சம் விவரம். ஒன்றைத் தேர்ந்து முன், பக்கம், பின். பின்பக்கத்தை விடாதீர்கள், கச்சையின் முடிச்சு எங்கே விழுகிறது என்று தெரியாதவரைக்கும் உடையை நீங்கள் வடிவமைக்கவில்லை, மறைத்திருக்கிறீர்கள். பிறகு கை நீட்டிய கோலம் ஒன்று கட்டாயம். கடைசியாக, அதை நூறு புள்ளி உயரத்துக்குச் சுருக்கி, பழைய ரியூ பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தால்சிம் என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் எங்கோ முதல் பத்தியில் கைவைத்துவிட்டீர்கள்.

இப்போது மண்டையோடு. எடுக்கலாமா என்று கேட்டீர்கள். கதைப்படி அந்த மூன்றும் கொள்ளைநோயில் இறந்த அவருடைய ஊர்க் குழந்தைகளுடையவை. நினைவுக்காக அணிகிறார். கபாலம் நம் மரபுக்கு அந்நியமில்லை. காளியின் மாலையிலும் பைரவரின் கையிலும் பார்த்துத்தான் வளர்ந்தோம். ஆனால் அது சுடுகாட்டுத் தத்துவம். ஊரார் பெற்ற பிள்ளையின் தலையை ஒருவர் கழுத்தில் கட்டிக்கொண்டு அதே ஊரில் நடமாடினால், அந்தத் தாய் எதிரே வரும்போது என்ன செய்வார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் உங்களுக்கு உறுத்துகிறது. எனக்கும் அதுதான் உறுத்தியது. நோக்கம் மென்மையானது, பொருள்தான் பொருந்தவில்லை.

அதனால் இரண்டு பத்தித் தாளுக்குத் திரும்பினேன். விளையாட்டில் அதன் வேலை: கரிய மார்பின்மேல் மூன்று வெளிறிய வட்டம். கதையில் அதன் வேலை: மூன்று குழந்தைகள். இறந்துபோன குழந்தையின் வீட்டில் எதை எடுத்து வைத்திருப்பார்கள்? கேரளத்தில் குழந்தை பிறந்த 28-ஆம் நாள் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள், நம் அரைஞாண்தான். முதலில் மூன்று அரைஞாண் கயிற்றைக் கழுத்தில் வரைந்தேன். நெருங்கிப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது. நூறு புள்ளிக்குச் சுருக்கியதும் ஒன்றுமே தெரியவில்லை. பிறகுதான் தண்டை நினைவுக்கு வந்தது. குழந்தையின் காலில் போடுகிற உருண்டை வளையம். மலையாளத்தில் தள என்பார்கள். கறுப்பு அரைஞாண் கயிற்றில் மூன்று தண்டை. தூரத்திலிருந்து வெளிறிய வட்டம் மூன்று, நடுவில் இருட்டு. பழைய ஆட்டக்காரர் பழக்கத்தில் மண்டையோடு என்றே படிப்பார். பெரிதாக்கிப் பார்த்தால் பிள்ளைக் கால் அளவு.

அதே பாலக்காட்டுத் தோழியிடம் காட்டினேன். இந்தமுறை சிரிக்கவில்லை. "வெள்ளியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவ்வளவு ஏழை ஊரில் வெள்ளித் தண்டையை விற்றுக் கஞ்சி காய்ச்சியிருப்பார்களே." நான்கு நாள் யோசித்தேன். பித்தளையாக்கினால் மஞ்சள் அடித்து, மூன்று வட்டமும் தோலோடு கலந்துவிடும். கடைசியில் முலாம் பூசிய பித்தளையாக வரைந்தேன். திருவிழாக் கடையில் வாங்கியது. விற்றால் காசு பெறாது, அதனால்தான் மிஞ்சியது. குழந்தை தவழ்ந்த இடத்தில் தரையில் உரசி ஒருபக்கம் முலாம் போய்ப் பித்தளை தெரியும். மூன்றில் இரண்டுக்கு அந்தத் தேய்மானம் போட்டேன். மூன்றாவதில் போடவில்லை, அந்தக் குழந்தை இன்னும் தவழத் தொடங்கியிருக்கவில்லை.